மகளின் இரத்தத்தை முதலில் எடுக்காதீர்கள்

மட்டக்களப்பில் எங்கள் நரம்பியல் கிளினிக்கிற்கு வரும் இளம் டொக்டர்மார் கெட்டிக்காரர்கள். படிவத்தில் பிழை விடமாட்டார்கள், இரத்தக் குழாயை மாற்றி அனுப்பமாட்டார்கள். அதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மரபணுச் சோதனை என்று வந்தால், முன்பு வந்தவர்கள் விட்ட அதே பிழைகளைத்தான் இவர்களும் விடுகிறார்கள்.

வருத்தக்காரரை விட்டுவிட்டுப் பிள்ளையைச் சோதிப்பது

படுவான்கரையிலிருந்து ஒரு குடும்பம். தகப்பனுக்கு ஐம்பது வயதாகவில்லை. கை சும்மா இருக்காது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் பாதி மடியில் ஊற்றுப்படும். நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னால் அது தானாக உள்ளே போய்விடும். குணமும் மாறியிருந்தது. ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய் என்று எவரும் சந்தேகப்படுவார்கள். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் "பிள்ளைக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு டொக்டரின் சொல்லைக் கேட்டு, சங்கிலியை அடகு வைத்து, மகளின் இரத்தத்தை எக்ஸோம் சோதனைக்கு (மரபணுக்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளை மொத்தமாக வாசிப்பது) வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தகப்பனின் இரத்தம் எடுக்கப்படவேயில்லை.

நோயுண்டாக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று றிப்போர்ட் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்து அதைக் கொண்டுவந்தாள். "எனக்கு இல்லை எண்டுதானே டொக்டர் போட்டிருக்கு?" என்று கேட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அந்தத் தாளை வைத்து அவளுக்கு ஒன்றுமே சொல்ல முடியாது. 4ஆம் குரோமோசோமில் உள்ள எச்டிடி மரபணுவில் சிஏஜி என்ற டிஎன்ஏ மூன்றெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதுதான் ஹன்டிங்டன். அந்த மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையைப் பார்ப்பதற்கென்றே தனிச் சோதனை உண்டு. வழக்கமான எக்ஸோம் அதை நம்பும்படி எண்ணாது. 26 வரை இயல்பு. 40ம் அதற்கு மேலும் என்றால், ஆயுள் இருந்தால் நோய் வரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 27க்கும் 35க்கும் இடையில் இருப்பவருக்கு நோய் வராது. ஆனால் பிள்ளைகளுக்குப் போகும்போது எண்ணிக்கை கூடலாம், முக்கியமாகத் தகப்பன் வழியில். நடையைத் தள்ளாட வைக்கும் எஸ்சிஏ நோய்கள் பலவும், தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ் நோயில் சி9ஓஆர்எஃப்72 மரபணுவால் வரும் வகையும் இப்படித் திரும்ப வரும் எழுத்துகளால் வருபவைதான்.

சரி, சரியான சோதனையையே அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனுக்கு இருப்பது எதுவென்று உறுதியாகாமல் மகளுக்கு "இல்லை" என்று வந்தால், எது இல்லை? அவருக்கு இருப்பது ஹன்டிங்டனே அல்லாத வேறொரு நோயாக இருந்தால்?

இவற்றை விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. சுகமாக இருக்கும் ஒரு பிள்ளையிடம், தனக்கு வருமா என்று அறிய விருப்பமா என ஒருவரும் கேட்கவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. தடுக்க இன்றுவரை மருந்து இல்லை. இரத்தம் எடுக்குமுன் ஆலோசனை, யோசிக்க அவகாசம், முடிவு கேட்க வரும்போது பக்கத்தில் இருக்க ஒரு ஆள், இவையெல்லாம் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் கேட்பது ஒரு காரணமே அல்ல.

பிறகு தகப்பனுக்குச் சரியான சோதனை செய்தபோது 44 வந்தது. மகளை இருத்தி முதலிலிருந்து பேசினோம். இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றாள். கிளினிக் கொப்பியில் அதை அப்படியே எழுதினேன்.

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை"

இதைக் கேட்டவுடன் பரம்பரை வருத்தம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் இளவயதில் இறந்தவர்கள் இங்கே எத்தனை பேர். அந்தச் சுனாமியில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். நாற்பதில் தொடங்கும் நோய், முப்பதில் கடலோடு போனவரிடம் எப்படித் தெரிந்திருக்கும்? இன்னொன்று, எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வருவது, கலியாணம் முடித்தவர்கள் பெண்ணின் வீட்டில் இருப்பது. அதனால் தாயின் ஆட்களைப் பற்றி விரல்விட்டுச் சொல்வார்கள். தகப்பனின் ஆட்களை நீங்கள்தான் கிண்டிக் கேட்க வேண்டும். "ஆட்டம்", "தள்ளாட்டம்", "குடிகாரன் மாதிரி நடை", "புத்தி பேதலிச்சவர்" என்று கேளுங்கள். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் வராது.

மறதிக்கு ஏபிஓஇ சோதனை

வேண்டாம். ஏபிஓஇ என்ற மரபணுவின் 4ஆம் வகை அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும், அவ்வளவுதான். ஏபிஓஇ-4 இருந்தும் அல்சைமர் வராதவர் உண்டு, இல்லாமலே வந்தவரும் உண்டு.

சிறுவர்கள்

அறிகுறி இல்லாத பிள்ளைக்கு, மருந்தில்லாத நோய்க்கு, 18 வயதுக்கு முன் சோதனை இல்லை.

மரபணு முடிவு வரட்டும் என்று காத்திருப்பது

உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சனுக்கு மருந்து இருக்கிறது. இளவயதில் நடுக்கமோ குழறலோ வந்தால், அதுவும் தாய் தகப்பன் மச்சான் மச்சாளாக இருந்தால், இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கருவிழி ஓர வளையத்துக்குக் கண் பரிசோதனை, மூன்றையும் உடனே செய்யுங்கள். அவை பொருந்தினால் சிகிச்சையைத் தொடங்குங்கள், வில்சனுக்குரிய ஏடிபி7பி மரபணுவின் றிப்போர்ட் பிறகு வரட்டும். இந்த நோய் என்றால், சுகமாக இருக்கும் கூடப்பிறந்தவர்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும், சிறுவராக இருந்தாலும். நாலில் ஒருவருக்கு இருக்கலாம். அறிகுறி வருமுன் தொடங்கினால் காப்பாற்றலாம்.

அர்த்தம் தெரியாத மாற்றம்

உலகத் தரவுத்தளங்களில் கூடுதலாக இருப்பது ஐரோப்பியரின் மரபணுக்கள். ஆகவே எங்கள் ஆட்களின் றிப்போர்ட்டில், நோயுண்டாக்குமா இல்லையா என்று தெரியாத மாற்றம் என்ற வரி அடிக்கடி வரும். அதை வைத்து நோயை உறுதிப்படுத்தாதீர்கள், உறவினரைச் சோதிக்காதீர்கள். ஓரிரு வருடம் கழித்து ஆய்வுகூடத்திடம் மறுபடி கேளுங்கள், வகைப்படுத்தல் மாறியிருக்கக்கூடும்.