பழைய அமெரிக்க கார்ட்டூன்களில் கதையைத் தேடுவோர் இடறும் இடங்கள்

கரீபியன் கடலுக்குள் இறங்கி நடக்கிறார் அன்றைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். ராட்சத உருவம், கையில் பெரிய தடி. பின்னால் கயிற்றில் கட்டிய போர்க்கப்பல்கள், விளையாட்டுச் சாமான் மாதிரி வரிசையாக வருகின்றன. டபிள்யூ. ஏ. ரோஜர்ஸ் 1904இல் வரைந்த அரசியல் கார்ட்டூன் இது.

இந்தப் படத்தை விளக்குகிறவர்களில் பலர் தடியோடு நின்றுவிடுகிறார்கள். "மென்மையாகப் பேசு, பெரிய தடி ஒன்றும் வைத்துக்கொள்" என்று ரூஸ்வெல்ட் 1901இல் மினசோட்டாவில் சொன்னது நினைவுக்கு வந்துவிடுகிறது. விஷயம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது? ஜோனதன் ஸ்விஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' நாவலின் நாயகன் கலிவரிடமிருந்து. குள்ளர்களின் நாடான லில்லிபுட்டுக்கு, அதன் எதிரி நாடான பிளெஃபஸ்குவின் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தாரே, அந்தக் காட்சி.

சரி, கலிவரைக் கண்டுபிடித்தாயிற்று. அதோடு பேனாவை மூடுவது அடுத்த தவறு. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. கலிவர் இழுத்தது எதிரியின் கப்பல்களை. ரூஸ்வெல்ட் இழுப்பது சொந்தக் கப்பல்களை. அவற்றில் ஒன்றில் 'கடன் வசூலிப்பவர்' என்றே எழுதியிருக்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் ஐரோப்பாவிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராவிட்டால் அமெரிக்காவே போலீஸ்காரனாக நடுவில் நிற்கும் என்று அவர் அறிவித்த ஆண்டு அது. மூலக்கதையிலிருந்து படம் எங்கே விலகுகிறதோ, ஓவியர் பேசுவது அங்கேதான்.

அதே ரோஜர்ஸ் 1906இல் ஹார்ப்பர்ஸ் வீக்லியில் 'த விசர்ட் ஆஃப் ஊஸ்' என்று ஒன்று வரைந்தார். 'த விசர்ட் ஆஃப் ஓஸ்' என்ற குழந்தைக் கதையின் தலைப்பில் 'ஓஸ்' என்பதை 'ஊஸ்' ஆக்கினால், ஆங்கிலத்தில் சேறு என்று பொருள். நியூயார்க் கவர்னர் தேர்தலில் நின்ற பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட், அந்தக் கதையில் வரும் சோளக்கொல்லை பொம்மையாகச் சேற்றில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இதைப் பார்த்ததும் பலருக்கு ஜூடி கார்லண்ட் நடித்த 'விசர்ட் ஆஃப் ஓஸ்' சினிமாதான் ஞாபகம் வரும். அந்தப் படம் வந்தது 1939இல்! 1906 வாசகருக்குத் தெரிந்தவை 1900இல் வெளியான, எல். ஃபிராங்க் பாம் எழுதிய மூலப் புத்தகமும், 1903இல் பிராட்வேயில் ஏறிய இசை நாடகமும்தான். சினிமாவில் நாயகி போடும் சிவப்புக் காலணியைத் தேடாதீர்கள். புத்தகத்தில் அது வெள்ளி.

அப்புறம் ஆக்டோபஸ். 1904இல் 'பக்' என்ற நையாண்டி இதழில் கெப்ளர் என்ற ஓவியர், ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனியை ஆக்டோபஸாக வரைந்தார்; அது நாடாளுமன்றக் கட்டடத்தை வளைத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்கும் கை நீட்டுகிறது. ஃபிராங்க் நோரிஸின் 'த ஆக்டோபஸ்' நாவல் 1901இல் வந்தது என்பதால், இரண்டையும் உடனே முடிச்சுப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் நாவலில் வருவது ரயில்வே கம்பெனி, எண்ணெய் அல்ல. அந்த ரயில்வேயைக்கூட கெல்லர் என்ற ஓவியர் சான் ஃபிரான்சிஸ்கோவின் 'வாஸ்ப்' இதழில் 1882லேயே ஆக்டோபஸாக வரைந்துவிட்டார், நாவலுக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே.