போர்த் தளபதியாகவும் அரசியல்வாதியாகவும் இருந்தவரின் வாழ்க்கையை எழுதும் முறை: ஜான் லாம்பர்ட்

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க்காலத் தளபதிகளைப் பற்றி எழுதுவோர், படைவாழ்வை ஓர் அத்தியாயமாகவும் அரசியலை மற்றோர் அத்தியாயமாகவும் பிரித்துவிடுவது வழக்கம். அப்படிப் பிரித்தால் ஆள் பிடிபடமாட்டார். யார்க்‌ஷயரில் 1619இல் பிறந்து நாடாளுமன்றப் படைத் தளபதியான ஜான் லாம்பர்ட்டை எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே காலவரிசையில் கோக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலில் தேதிகளைச் சீர்செய்யுங்கள். அக்காலத்து இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான ஆவணங்களில் ஆண்டு நம் கணக்குக்கு ஒன்று குறைவாக இருக்கும். முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் 1648 ஜனவரி 29 என்றே காணப்படுகிறது. அதை 1649 என்று திருத்திக்கொள்ளாவிட்டால், 1648 ஆகஸ்டில் மன்னர் தரப்பு தோற்ற பிரெஸ்டன் போருக்கு முன்பே மன்னரின் தலை துண்டிக்கப்பட்டதாகிவிடும்.

அடுத்து, ஒரு தாளில் தேதி, அன்று அவர் இருந்த ஊர், அன்று வகித்த பதவி என மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ஊரைக் குறிப்பது வீண்வேலை அன்று. மன்னர்மீது லண்டனில் விசாரணை நடந்தபோது லாம்பர்ட் வடக்கே பான்டிஃப்ராக்ட் கோட்டை முற்றுகையில் இருந்தார். மரண ஆணையில் அவர் கையெழுத்து இல்லை. மன்னராட்சி 1660இல் திரும்பியபின், 1662இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையிலிருந்து அவர் தப்பியதற்கு அது ஒன்றே காரணம் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். அதே சமயத்தில் விசாரிக்கப்பட்ட, நாடாளுமன்றத் தரப்புத் தலைவர்களில் ஒருவரான ஹென்றி வேனும் கையெழுத்திடாதவர்தான். ஆனால் அவர் தலை தப்பவில்லை. வேன் நீதிமன்றத்தில் விடாமல் வாதாடினார், லாம்பர்ட்டோ பணிந்து நின்றார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பதவிப் பத்தியை நிரப்பும்போதுதான் படையும் அரசியலும் எவ்வளவு பின்னிக்கிடந்தன என்பது தெரியும். 1653 டிசம்பரில் படைத்தலைவர் கிராம்வெல்லைக் காவலராட்சியில் (மன்னருக்குப் பதிலாகக் ‘காவலர்’ என்ற பட்டத்துடன் ஒருவர் ஆளும் முறை) அமர்த்திய எழுத்துவடிவ அரசியல் சாசனத்தை வரைவதில் லாம்பர்ட்டுக்கே பெரும்பங்கு உண்டு. 1657இல் கிராம்வெல்லுக்கு மகுடம் சூட்டும் யோசனையை எதிர்த்து, பின் புதிய உறுதிமொழியையும் ஏற்க மறுத்தபோது, படைப் பதவியும் ஆட்சிமன்றப் பதவியும் ஒருசேரப் பறிபோயின. 1659 ஆகஸ்டில் செஷயர் பகுதியில் அரச ஆதரவாளர்கள் நடத்திய கிளர்ச்சியை அடக்கிய அவரே, அக்டோபரில் படைவீரர்களைக் கொண்டு நாடாளுமன்றத்தை முடக்கினார்.

சான்றுகளில் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் நடவடிக்கைக் குறிப்புகளையும் கிராம்வெல் ஆட்சியில் உளவுத்துறையைக் கவனித்த தர்லோவின் கடிதத் தொகுப்பையும் முதலில் பாருங்கள். எதிரிகளின் ஏளனத்தைப் பிறகு படிக்கலாம். விம்பிள்டன் தோட்டத்தில் துலிப் மலர் வளர்த்த லாம்பர்ட்டைக் கேலிசெய்து அரச ஆதரவாளர்கள் சீட்டுக்கட்டில் படம் அச்சிட்டார்கள். மலர் ஆர்வம் உண்மை. அதை வைத்து அவரைச் சுகவாசி என்று முடிவுகட்டுவது அவர்களுடைய அரசியல்.

1660 முதல் 1684இல் இறக்கும்வரை, இடையில் ஒரு சில நாள் தப்பியோடியது நீங்கலாக, அவர் லண்டன் கோபுரத்திலும் குவெர்ன்சித் தீவிலும் பிளிமத்தை அடுத்த சிறு தீவிலும் கைதியாகவே கழித்தார். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இக்காலத்தை ஒரே வரியில் கடந்துவிடாமல், கிடைக்கும் குறிப்புகளைக் கொண்டு தனிப் பகுதியாகவே எழுதுங்கள்.