டிபிடி விண்ணப்பம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு இன்றைக்கு அங்கே உள்ள நுழைவுப் படிப்பு டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி, சுருக்கமாக டிபிடி. பெரும்பாலும் மூன்று வருடம். ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் முடித்துவிட்டுச் சேர்வதுதான் வழக்கம். பெரும்பாலான கல்லூரிகள் பிடிகாஸ் என்ற பொதுத் தளத்தின் வழியாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. ஒரே படிவத்தைப் பத்துக் கல்லூரிக்கு அனுப்பலாம். ஆனால் படிவம்தான் ஒன்று, விதிமுறை கல்லூரிக்குக் கல்லூரி வேறு. இதை மறந்தவர்கள்தான் நல்ல மார்க் இருந்தும் வெளியே நிற்கிறார்கள்.

இங்கே பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் சறுக்கும் இடம் விண்ணப்பத்துக்கும் முந்தியது. டிரான்சிஷனல் டிபிடி என்று ஒரு படிப்பு உண்டு. பெயரில் டிபிடி இருப்பதால் அதை முடித்தால் லைசென்ஸ் வந்துவிடும் என்று நினைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். அது ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. பிசியோதெரபி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேப்டி அமைப்பின் அங்கீகாரம் நுழைவுநிலை டிபிடிக்குத்தான், இதற்குக் கிடையாது. வெளிநாட்டில் படித்தவர் என்பிடிஇ லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டுமானால், அவருடைய பிபிடி அமெரிக்கப் படிப்புக்கு இணையானதா என்ற மதிப்பீடு தனியாக வேண்டும். எஃப்சிசிபிடி போன்ற அமைப்புகள் அதைச் செய்கின்றன. எந்த மதிப்பீட்டை ஏற்பது என்பது லைசென்ஸ் தரும் மாநில போர்டின் கையில். எந்த மாநிலம் என்று முடிவு செய்து, மதிப்பீட்டை வாங்கி, எந்தப் பாடத்தில் குறை என்று பார்த்த பிறகு, அந்தக் குறையை நிரப்பும் படிப்பைத் தேடுவதுதான் சரியான வரிசை. கேப்டி அங்கீகாரமுள்ள நுழைவுநிலை டிபிடி முடித்தவருக்கு இந்தச் சுற்று எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்கிய கல்லூரி என்றால், முழு அங்கீகாரமா, இன்னும் பரிசீலனை நிலையிலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண். இதில் ஏமாறாதவர் குறைவு. ஒரு மாணவர் நான்கு கிரெடிட் அனாடமி பாடத்தில் முதலில் டி வாங்கி, மறுபடி படித்து ஏ வாங்குகிறார். அவர் கல்லூரி பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டு ஏ மட்டும் கணக்கில் எடுக்கிறது: 4.0. பிடிகாஸ் இரண்டையும் எடுக்கும். ஒரு கிரெடிட்டுக்கு டி என்றால் 1 புள்ளி, ஏ என்றால் 4. நான்கு கிரெடிட்டுக்கு டிக்கு 4 புள்ளி, ஏக்கு 16 புள்ளி, மொத்தம் 20. எட்டு கிரெடிட்டால் வகுத்தால் 2.5. குறைந்தபட்சம் 3.0 கேட்கும் கல்லூரிக்கு இந்தக் கணக்குப் போடாமல் பணம் கட்டுவது வீண். அறிவியல் பாடங்களுக்குத் தனி ஜிபிஏ பார்க்கும் கல்லூரிகளும் உண்டு, அதையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

மார்க் பட்டியல்கள் படித்த எல்லா இடங்களிலிருந்தும் வர வேண்டும். பள்ளி நாளில் கம்யூனிட்டி காலேஜில் படித்த ஒற்றைப் பாடம், கோடை விடுமுறையில் வேறு ஊரில் எடுத்த பாடம், இவையும் சேர்த்தி. பாடங்களைத் தளத்தில் ஏற்றும்போது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, விலகிய பாடம் வரை உள்ளது உள்ளபடி ஏற்றுங்கள். நினைவிலிருந்து நிரப்பினால் சரிபார்ப்பில் மாட்டி, திருத்தச் சொல்லித் திரும்பி வரும். அதில் வாரங்கள் ஓடிவிடும்.

முன்தேவைப் பாடங்கள் பெரும்பாலும் இவை: அனாடமியும் பிசியாலஜியும், உயிரியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல், உளவியல். பெயர் பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். லேப் இல்லாத இயற்பியலைப் பல இடங்களில் தள்ளுவார்கள். அமெரிக்கப் பள்ளியில் கல்லூரி கிரெடிட்டுக்காக எழுதிய ஏபி தேர்வின் கிரெடிட்டைச் சில இடங்களில் ஏற்பதில்லை. பாடம் படித்து ஐந்து, ஏழு அல்லது பத்து வருடம் தாண்டினால் செல்லாது என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. செமஸ்டருக்குப் பதில் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் படித்தவர்கள் கிரெடிட்டை மூன்றில் இரண்டாகக் குறைத்துக் கணக்கிட வேண்டும். ஐந்து குவார்ட்டர் கிரெடிட் என்பது 3.33 செமஸ்டர் கிரெடிட்தான். நான்கு கேட்கும் கல்லூரியில் அது இடிக்கும். சந்தேகம் வந்தால் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னது பின்னால் உதவாது.

கல்லூரிகள் கேட்கும் இன்னொன்று, கிளினிக்கில் பார்வையாளராக இருந்த மணிநேரம். அதில் எண்ணிக்கையைவிட வகை முக்கியம். நூறு மணிநேரமும் ஒரே விளையாட்டுக் காயக் கிளினிக்கில் கழித்துவிட்டு, உள்நோயாளிப் பிரிவும் வேண்டும் என்ற விதியைக் கடைசியில் பார்ப்பவர்கள் ஏராளம். லைசென்ஸ் பெற்ற பிசியோதெரபிஸ்டின் கீழ் கழித்த நேரம்தான் பொதுவாகச் செல்லும். உதவியாளரின் கீழ் கழித்ததைப் பல இடங்களில் எடுப்பதில்லை. மணிநேரத்தை உறுதிசெய்யும் கையெழுத்தைத் தெரபிஸ்டிடம் அந்த வாரமே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

சிபாரிசுக் கடிதத்திலும் இதே கதைதான். ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு அறிவியல் பேராசிரியர் என்று கல்லூரி குறிப்பிட்டுக் கேட்டிருந்தால், மாமா எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் அவர் கடிதம் வேலைக்காகாது.

விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு வரம்பு 4,500 எழுத்துக்குறிகள், இடைவெளியும் சேர்த்து. 'சின்ன வயதில் எனக்கு முழங்காலில் அடிபட்டது, அப்போதே முடிவு செய்தேன்' என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழு கட்டுக்கட்டாகப் படித்திருக்கும். அதற்குப் பதில் கிளினிக்கில் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதலாம். முழங்கால் மாற்று அறுவை முடிந்தவருக்குக் கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. சாதாரண நாற்காலியிலிருந்து எழ அவர் கைகளை ஊன்றி உடலைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். தெரபிஸ்ட் உயரமான இருக்கையில் தொடங்கி, வாராவாரம் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார். இதைக் கவனித்து எழுதியவருக்கு இந்த வேலை என்னவென்று தெரிந்திருக்கிறது என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். நோயாளியின் பெயரோ அடையாளமோ மட்டும் வரக்கூடாது.

பிடிகாஸ் தளம் பொதுவாக ஜூன் நடுவில் திறக்கும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இடம் நிரப்புவதால், கடைசி தேதி வரை காத்திருந்தால் மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் போட்டி. சில கல்லூரிகளில் கடைசி தேதி என்றால் அனுப்பும் நாள். சில இடங்களில் அதற்குள் எல்லா ஆவணமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேரம் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் இரவு 11:59. அக்டோபர் 1 என்றால் சென்னையில் அது 2ஆம் தேதி காலை 9:29. அந்தக் காலை எட்டரைக்கு உட்கார்ந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்காத டெபிட் கார்டால் கட்டணம் கட்ட முயலாதீர்கள்.