நிறம் மாறிய தேரையைப் பிடித்து வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் மழை விட்டதும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைக் கான் ஓரங்களிலும் தேரைகள் வெளியே வந்துவிடும். மண் நிறத் தேரைகளுக்கு நடுவே மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ ஒன்று தென்பட்டால், பிடித்து வளர்க்க ஆசை வருகிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

பலரும் செய்யும் முதல் தவறு, அந்த நிறம் நிலைக்கும் என்று நம்புவது. நம் வளவுகளில் வாழும் சாதாரண ஆசியத் தேரையின் ஆண், இனப்பெருக்க நேரத்தில் எலுமிச்சை மஞ்சளாக மாறும். மழைக்குப் பிறகு குட்டையில் கூடும் அந்தக் குறுகிய காலத்துக்கு மட்டும்தான் அப்படி. பிறகு பழைய பழுப்பு நிறம் வந்துவிடும். ஈரம், வெப்பம், உட்கார்ந்திருக்கும் இடம் ஆகியவற்றுக்கு ஏற்பவும் தேரை கறுக்கும், வெளுக்கும். தோலை உரித்த புதிதில் பளிச்சென்று இருக்கும். பிறவியிலேயே நிறமி குறைந்து வெளிறியோ சிவந்தோ இருப்பவையும் உண்டு, ஆனால் அவை மிக அரிது. வயிறும் தொடையின் உட்புறமும் மட்டும் சிவந்து, தேரை சோர்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்றின் அறிகுறி. அதை அழகு என்று நினைத்துவிடக் கூடாது.

மலைநாட்டுப் பயணத்திலிருந்து தேரையைக் கொண்டுவருவது இன்னும் பெரிய தவறு. இலங்கையில் மட்டுமே வாழும் தேரை இனங்கள் நம்மிடம் இருக்கின்றன. கண்டிக் குறுந்தேரை நூறு வருடங்களுக்கு மேலாகக் கண்ணில் படாததால் அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டது; அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2012இல் வெளியானது. விசித்திரமாகத் தெரியும் ஒன்று அப்படிப்பட்ட இனமாகவும் இருக்கலாம். தேசிய பூங்காக்களிலிருந்து பிராணிகளைப் பிடித்துவருவது சட்டப்படி குற்றம். சரணாலயங்களுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கொழும்புக்குப் பக்கத்திலேயே பெல்லன்வில - அத்திடிய சரணாலயம் இருக்கிறது. வீட்டு வளவில் பிடித்ததாக இருந்தாலும், வைத்திருக்கலாமா என்று வனசீவராசிகள் திணைக்களத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தேரை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு உடனடி ஆபத்து தண்ணீரில்தான் இருக்கிறது. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. எனவே தண்ணீரில் கலந்திருப்பது உடம்புக்குள் நேராகப் போய்விடும். நம் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால், அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்த பிறகே ஊற்ற வேண்டும். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் குளோரின் நீக்கியும் கிடைக்கும். உப்புக் கலந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம். தேரையை விரட்ட உப்புத் தூவும் வழக்கத்தை எந்த வீட்டில் கண்டாலும் மனம் நோகிறது. அந்தத் தோலுக்கு அது நெருப்பு. பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் ஒரு துளி நுரைகூட மிஞ்சாமல் அலச வேண்டும். நுளம்புக்குப் பூசும் களிம்பு கையில் இருக்கும்போது தேரையைத் தொடக்கூடாது.

அடுத்தது சாப்பாடு. சோறு, பாண், அரைத்த இறைச்சி எதையும் தேரை சீண்டாது. அசைகிற இரைதான் அதன் கண்ணில் படும். அதற்காகச் சமையலறைக் கரப்பொத்தானைப் பிடித்துப் போடுவது கொழும்பில் மிகவும் ஆபத்தானது. டெங்குக்குப் புகை அடித்த ஒழுங்கையிலும் பூச்சிமருந்து தெளித்த தொடர்மாடியிலும் தடுமாறிக்கொண்டு திரியும் பூச்சி, மருந்தை உடம்பில் சுமந்திருக்கும். அதைத் தின்னும் தேரைக்கும் அந்த மருந்து போய்ச் சேரும். மருந்து அடிக்காத இடத்துச் சில்லூறு, கறையான், ஈசல் போன்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே பூச்சியை மாதக்கணக்கில் கொடுத்தால் கல்சியம் குறைந்து எலும்பு பலவீனமாகும். நிறமும் மங்கலாம், ஏனென்றால் மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு வேண்டிய சில பொருட்கள் உணவிலிருந்துதான் கிடைக்கின்றன.

கண்ணாடித் தொட்டியை பால்கனி வெயிலில் வைத்தால் சிறிது நேரத்திலேயே தேரை வெந்து செத்துவிடும். கம்பி வலைக் கூடும் வேண்டாம், முட்டி முட்டி மூக்கு கிழியும். பெரியதையும் சிறியதையும் ஒன்றாக விட்டால் பெரியது மற்றதை விழுங்கிவிடும்.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது உண்மையல்ல. மரு மனிதரிடையே பரவும் வைரஸால் வருகிறது. ஆனால் தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பிகளில் வெள்ளை நிற நஞ்சு இருப்பது உண்மை. தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் கடுமையாக எரியும். நாய் தேரையைக் கடித்து, நாயின் வாயில் நுரை தள்ளினால், தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைக் கழுவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம், அலுத்துவிட்டது என்று கண்ட கண்ட இடத்தில் விடுவதும் தவறு. இதே ஆசியத் தேரை, தனக்குச் சொந்த இடமல்லாத மடகஸ்கரின் துறைமுக நகரமான தோமாசினாவில் புகுந்திருப்பது 2014இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள பிராணிகளுக்கு இந்த நஞ்சு பழக்கமில்லாததால் அதைத் தின்பவை பாதிக்கப்படும் என்று இன்றுவரை அஞ்சுகிறார்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சணமும் இப்படிப் பிராணிகளை இடம் மாற்றுவதால் பரவுகிறது. ஆரோக்கியமான தேரையைப் பிடித்த அதே இடத்தில், இருட்டிய பிறகு விடுங்கள். நோயுற்றது என்றாலோ, கடையில் வாங்கிய வேறு பிராணிகளுடன் இருந்தது என்றாலோ, மிருக வைத்தியரைக் கேட்காமல் வெளியே விடக்கூடாது.

பிள்ளைகளுக்குத் தேரையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் பிடிக்கத் தேவையே இல்லை. வளவின் நிழலான மூலையில் விளிம்பு உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். நுளம்பு முட்டையிடாதபடி தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். பூச்சிமருந்து அடிக்காத வளவு என்றால் தேரை தானாகவே வந்து தங்கக்கூடும்.