பம்ப் வைத்து நிரப்பும் குடிநீர்த் தேக்கம்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'பம்ப்டு ஸ்டோரேஜ்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆனைமலையில் இருக்கும் காடம்பாறை மின் நிலையம்தான். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு வரும் நேரத்தில் கீழே இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கும் ஏற்பாடு அது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடிநீர்த் துறையினர் அதே பெயரை வேறொன்றுக்கும் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆற்றை மறிக்காமல், பக்கத்தில் உள்ள ஒரு ஓடைப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவார்கள். ஆற்றில் நீர் மிகுந்து ஓடும் மாதங்களில் பம்ப் வைத்து அதை நிரப்பி, வறட்சிக்குச் சேமித்து வைப்பார்கள். இங்கே பேசப்போவது இந்தக் குடிநீர் வகையைப் பற்றி.

பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் பிறக்கின்றன. எல்லோரும் தேக்கத்தின் கொள்ளளவைப் பார்க்கிறார்கள், ஆற்றைப் பார்ப்பதில்லை. ஓடையில் வரும் நீர் இந்தத் தேக்கத்துக்குப் போதாது. ஆறு கொடுத்தால்தான் அது நிறையும். ஆறும் எல்லா நாளும் கொடுக்காது. மீன்களுக்கும் கீழே உள்ள ஊர்களுக்கும் விட்டது போக மிஞ்சும் நாட்களில்தான் பம்பை ஓட்ட அனுமதி கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. கொள்ளளவு 1 டி.எம்.சி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். பம்ப் நொடிக்கு 2 கன மீட்டர் எடுக்கும் என்று வையுங்கள். இரவு பகலாக ஓடினாலும் தேக்கம் நிரம்ப 164 நாள் ஆகும். அனுமதி ஆண்டுக்கு 100 நாள்தான் என்றால், யாரும் ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் இருந்தாலும் ஒரே ஆண்டில் நிறையாது. இரண்டாவது ஆண்டும் மழை பொய்த்தால்? இந்தக் கேள்விக்குச் சராசரி நீரோட்டத்தை வைத்துப் பதில் சொல்வதுதான் அடுத்த தவறு. சராசரியில் வறட்சி கரைந்துபோய்விடும். பதிவேட்டில் உள்ள மிக மோசமான ஆண்டுகளை எடுத்து, ஒவ்வொரு நாளாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2002 வறட்சி அப்படி ஒரு அளவுகோல்.

அதே வர்ஜீனியாவில் ஹென்ரைகோ கவுண்டிக்கான (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) காப்ஸ் கிரீக் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு யோசனை இருக்கிறது. தேக்கம் கம்பர்லேண்ட் கவுண்டியில், ஜேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில் அமைகிறது. ஆறு பெருகும்போது பம்ப் செய்து சேமித்து, குறையும்போது ஆற்றுக்கே திருப்பி விடுவது திட்டம். கீழே உள்ள ஹென்ரைகோ தன் பழைய இடத்திலேயே எடுத்துக்கொள்ளும். நெடுந்தூரக் குழாய்க்குச் செலவில்லை, வறண்ட காலத்தில் ஆற்றிலும் நீர் ஓடும். குழாய்தான் ஒரே வழி என்று முதல் நாளே முடிவுசெய்துவிட்டால் இப்படி ஒரு வழி கண்ணிலேயே படாது.

அப்புறம், இடமும் மக்களும். இதற்கும் வர்ஜீனியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நியூபோர்ட் நியூஸ் நகரம் தனக்கும் சுற்று ஊர்களுக்குமாக கிங் வில்லியம் கவுண்டியில் சுமார் 1,500 ஏக்கர் தேக்கம் ஒன்றைத் திட்டமிட்டது. மட்டப்பொனை ஆற்றிலிருந்து பம்ப் செய்து நிரப்புவதாக ஏற்பாடு. அந்த ஆற்றங்கரையில் அதே பெயர் கொண்ட பழங்குடியினர் வாழ்கிறார்கள். 1677இல் ஆங்கிலேய ஆட்சியுடன் செய்த உடன்படிக்கை தங்களுக்கு உரிமை தருகிறது என்பது அவர்கள் வாதம். ஆற்றில் வசந்த காலத்தில் ஷாட் மீன் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிடும். நம்முடைய உல்லம் மீனுக்கு உறவு அது. அந்த மீனுக்குப் பழங்குடியினரே குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறார்கள். பம்பின் வாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் இழுத்துவிடும் என்ற அச்சத்தில் 2003இல் மாநிலக் கடல்வள ஆணையம் அனுமதி மறுத்தது. அடுத்த ஆண்டு கட்டுப்பாடுகளோடு கொடுத்தது. தேக்கம் 400 ஏக்கருக்கு மேற்பட்ட சதுப்பு நிலத்தையும் மூழ்கடித்திருக்கும். சதுப்பு நிலத்தில் கட்ட அனுமதி தருவது அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் படை. அது தந்திருந்த அனுமதியை 2009இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு நகரம் திட்டத்தைக் கைவிட்டது. இருபது ஆண்டு உழைப்பு.

அந்த மக்களை முதலிலேயே உட்கார வைத்துப் பேசியிருந்தால், எந்த மாதம் பம்பை ஓட்டக்கூடாது என்பதை எந்த ஆலோசகரையும்விடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். அறிக்கை எழுதி முடித்த பிறகு கருத்துக் கேட்பது கேட்பதே ஆகாது.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. உண்மையில் இவ்வளவு நீர் தேவையா என்பதில் ராணுவப் பொறியியல் படைக்குள்ளேயே கருத்து வேறுபாடு. தேவைக் கணிப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுவது பாதுகாப்பு என்று நினைப்பார்கள். இங்கிலாந்தின் கீல்டர் தேக்கத்தைப் பாருங்கள். அது பம்ப் வைத்து நிரப்பும் வகை அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். டீஸ்சைடு பகுதியின் எஃகு, ரசாயன ஆலைகளுக்கு நீர் ஏராளமாகத் தேவைப்படும் என்று கணித்துக் கட்டி, 1982இல் திறந்தபோது அந்தத் தொழில்களே சுருங்கிக்கொண்டிருந்தன. ஒரே கணிப்பை நம்பாமல், குறைந்த தேவை, நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகப் போட்டு, குழாய்க் கசிவைச் சரிசெய்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை.

நீரின் தரத்தை ஆற்றங்கரையோடு மறந்துவிடுவதும் நடக்கிறது. வயல் உரமும் கழிவுநீரும் கலந்த சமவெளி ஆற்றிலிருந்து எடுத்தால் பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டும் கூடவே வரும். இங்கிலாந்தில் வெலண்ட், நென் ஆறுகளிலிருந்து நிரப்பப்படும் ரட்லண்ட் வாட்டர் தேக்கத்தில் 1989இல் நீலப்பச்சைப் பாசி பெருகி, அந்த நீரைக் குடித்த ஆடுகளும் நாய்களும் செத்தன. புது வெள்ளத்தின் முதல் சேற்று நீரையும் எடுக்கக்கூடாது. அதற்கு வேண்டிய நாட்களையும் மேலே போட்ட கணக்கில் கழித்துவிடுங்கள்.

சரி, மண். இங்கிலாந்தின் டார்பிஷயர் கவுண்டியில் டெர்வென்ட் ஆற்று நீரை ஏற்றி வைக்கும் கார்சிங்டன் தேக்கத்தின் மண்கரை, 1984இல் கிட்டத்தட்ட முடிந்திருந்த நேரத்தில் சரிந்தது. அடித்தளத்தில் அகற்றாமல் விட்ட பலவீனமான மஞ்சள் களிமண் முக்கியக் காரணங்களில் ஒன்று. பெயர்த்து மறுபடி கட்டி 1992இல்தான் திறக்க முடிந்தது. நிலத்தடிச் சோதனையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக மின்கட்டணம். அந்த 1 டி.எம்.சியை 50 மீட்டர் உயரம் ஏற்ற, பம்பின் திறன் 75 சதவீதம் என்றால், சுமார் 50 லட்சம் யூனிட் ஆகும். கட்டுமானச் செலவுக்குக் கடன் பத்திரம் வெளியிடுகிறவர்கள் இந்தச் செலவை அடுத்த ஐம்பது ஆண்டு பட்ஜெட்டிலும் எழுதி வைக்க வேண்டும். தேக்கம் நிரம்பியிருக்கும் நல்ல ஆண்டுகளில் பம்ப் பல மாதம் சும்மா கிடக்கும். அப்போதும் அதை மாதாமாதம் ஓட்டிப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும்.