மர அம்புக்கு நூலால் இறகு கட்டுவது எப்படி?

பசை போட்டு ஒட்டினாலே போதுமே, நூல் எதற்கு என்று கேட்பவர்கள் ஜூலை மழையில் கூடலூர்ப் பக்கம் அம்பு எய்து பார்க்கட்டும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். இறகின் முன்முனை முதலில் கிளம்பும். நூல்கட்டு இருந்தால் பசை விட்டாலும் இறகு நகராது.

தேவையானவை: ரேகை நேராக ஓடும், 8 மி.மீ. பருமனுள்ள மரக்குச்சி (நாண் மாட்டும் காடி வெட்டி, உப்புத்தாள் போட்டது), மூன்று இறகு, 5 மீட்டர் மெல்லிய பட்டுநூல் அல்லது பாலியஸ்டர் நூல், தேன்மெழுகு, வெள்ளைப் பசை, மழுங்கிய ஊசி, பிளேடு. தேன்மெழுகு கோத்தகிரியில் சுலபமாகக் கிடைக்கும். இறகுக்கு வான்கோழிப் பண்ணையில் சொல்லிவையுங்கள். காட்டில் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இறகு: வாலிறகு வேண்டாம், சிறகின் நீண்ட இறகுதான் விறைப்பாக நிற்கும். மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடதும் வலதும் கலந்தால் வளைவு ஒன்றுக்கொன்று எதிராகி, அம்பு சுழலாமல் தள்ளாடும். நடுத்தண்டை நீளவாக்கில் பிளந்து, அகலமான பக்கத்தை மட்டும் 12 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். தண்டின் அடி தட்டையாகவும் 1 மி.மீ. கனமாகவும் ஆகும்வரை உப்புத்தாளில் தேயுங்கள். இரு முனையிலும் 1.5 செ.மீ. அளவுக்கு இழைகளை உரித்துவிட்டு, முன்முனையை (தண்டின் தடித்த முனை) ஊசிபோல் சரித்துத் தேயுங்கள். அவசரப்பட்டு இதை விட்டுவிட்டால் அம்பு புறப்படும்போது அந்த முனை கையைக் கிழிக்கும்.

பொருத்துதல்: தண்டின் தடித்த பக்கம் அம்புமுனையை நோக்கி இருக்கட்டும். விரலை முன்னிருந்து பின்னாகத் தடவினால் வழுக்க வேண்டும். சொரசொரத்தால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். காடியிலிருந்து 2.5 செ.மீ. விட்டு, முதல் இறகைக் காடிப் பிளவுக்குச் செங்குத்தாக வையுங்கள். மற்ற இரண்டும் 120 பாகை இடைவெளியில். பசை மெல்லிசாகப் போதும். கொடைக்கானல், ஊட்டி மூடுபனியில் அது காயத் தாமதமாகும். ஒரு நாள் விடுங்கள்.

கட்டுதல்: நூலை மெழுகில் இரண்டு முறை இழுங்கள். முன்முனையில் தொடங்கி, நூலின் நுனியை அடியில் அமுக்கியபடி, உரித்த தண்டு முழுக்க மறையும்வரை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். பிறகு நூலைக் கையால் இழுக்காமல் அம்பை உருட்டுங்கள். இழுவிசை ஒரே சீராக வரும். 5 மி.மீ.க்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் இறகைக் கடக்கும் இடத்தில் ஊசியால் இழைகளை அவற்றின் சாய்விலேயே விலக்கி, நூலைத் தண்டின்மேல் இறக்குங்கள். பொறுமை தேவைப்படுவது இங்கேதான். இழைமேல் நூல் படிந்தால் இறகு மடங்கிப்போகும். பிறகு என்ன நீவினாலும் நிமிராது, அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். சரியாக இறங்கியிருந்தால், விலகிய இழைகள் விரலால் நீவியதும் ஒட்டிக்கொள்ளும்.

பின்முனையிலும் நெருக்கிச் சுற்றுங்கள். கடைசி எட்டுச் சுற்றுக்கு முன் வேறொரு நூலை மடித்து, வளையம் காடிப் பக்கம் நீட்டியிருக்கும்படி வைத்து, அதன்மேல் சுற்றுங்கள். நூல் நுனியை வளையத்தில் நுழைத்து, வளையத்தை மறுபக்கம் உருவினால் நுனி கட்டுக்கு அடியில் போய்விடும். முடிச்சு தேவையில்லை.

இறகை 15 மி.மீ. உயரத்துக்குக் கத்தரியுங்கள். இரு முனைக் கட்டின்மேல் மட்டும் வார்னிஷ் பூசுங்கள். இழையில் பட்டால் விறைத்துவிடும். பனியில் இறகு படுத்துப்போனால் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினால் நிமிரும்.