போரின் விளைவை எடைபோடுவது எப்படி: 1812-க்குப் பிந்தைய அமெரிக்கா

ஒரு போர் இளம் நாடொன்றின் வளர்ச்சியையும் மதிப்பையும் எப்படி மாற்றியது என்று ஆராயப் புகும் மாணவர், முதலில் சமாதான உடன்படிக்கையைத்தான் கையிலெடுப்பார். எடுக்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 1812 ஜூனில் மூண்ட போரை முடித்துவைக்க 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தான கென்ட் உடன்படிக்கை, எல்லைகளைப் பழைய நிலைக்கே திருப்பியது. அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பலவந்தமாகப் பிடித்துச் சென்றது போருக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று; அதைப் பற்றி உடன்படிக்கை வாயே திறக்கவில்லை. இதை மட்டும் படிப்பவருக்கு எதுவுமே மாறவில்லை என்றுதான் தோன்றும்.

ஆகவே, அடுத்த சில ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களைத் தேடிப் படியுங்கள். குறிப்பாக, ஒரு கட்சி தன் பழைய கொள்கையைத் தானே கைவிட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; போர் கற்பித்த பாடத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. தேசிய வங்கியின் உரிமம் 1811-இல் காலாவதியானதால், போர்ச்செலவுக்குக் கடன் திரட்ட அரசு திணறியது. 1791-இல் அத்தகைய வங்கியைக் கடுமையாக எதிர்த்த மாடிசனே, 1816-இல் குடியரசுத் தலைவராக இருந்து, 3.5 கோடி டாலர் மூலதனம் கொண்ட இரண்டாவது வங்கிக்குக் கையெழுத்திட்டார்.

அதே ஆண்டின் சுங்கச் சட்டத்தை வரிவரியாகப் படிப்பது நல்லது. சதுர கெஜம் 25 சென்ட்டுக்குக் குறைவான பருத்தித் துணியையும் 25 சென்ட் மதிப்புள்ளதாகவே கொண்டு, அதன்மேல் 25 விழுக்காடு வரி விதித்தார்கள். அப்படியானால் 10 சென்ட் துணிக்கும் 6.25 சென்ட் வரி. ஏட்டில் கால் பங்கு, நடைமுறையில் பாதிக்கும் மேல். இந்தியாவிலிருந்து சென்ற மலிவான முரட்டுத் துணிக்குத்தான் இதனால் பெரும் அடி. மாசசூசெட்ஸின் வால்தமில் போர்க்காலத்தில் எழுந்த நெசவாலைக்கோ அது அரணாயிற்று.

உலக அரங்கில் கிடைத்த மதிப்பை அளக்கும்போது முழக்கங்களையும் ஒப்பந்தங்களையும் பிரித்துப் பாருங்கள். பேரேரிகளில் போர்க்கப்பல்களைக் குறைத்த 1817 உடன்பாடும், 49-ஆம் அட்சரேகையை எல்லையாக்கிய 1818 உடன்பாடும், ஸ்பெயின் புளோரிடாவை விட்டுக்கொடுத்த 1819 ஒப்பந்தமும் உறுதியான ஆதாயங்கள். அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய அரசுகள் இனித் தலையிடக் கூடாது என்று முழங்கிய 1823-இன் மன்றோ கொள்கை அப்படியன்று. ஐரோப்பாவைத் தடுத்து நிறுத்தும் வலிமை அன்று பிரிட்டிஷ் கடற்படையிடம்தான் இருந்தது.

இழந்தவர்களின் கணக்கைத் தனியே எழுதாமல் இந்த வளர்ச்சிக் கணக்கோடு சேர்த்தே எழுதுங்கள். கென்ட் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு பூர்வகுடிகளுக்கு 1811-இல் இருந்த உரிமைகளையும் நிலங்களையும் திருப்பித்தருவதாகச் சொன்னது. அது காற்றில் பறந்தது. 1814 ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சனில் கிரீக் என்னும் பூர்வகுடி மக்களிடமிருந்து எழுதிவாங்கிய 2 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தின் பெரும்பகுதி, 1819-இல் மாநிலமான அலபாமாவுக்குள் வந்தது. அங்கே பருத்தி பெருகியது. அதை விளைவிக்க அடிமைமுறையும் பெருகியது.

கடைசியாக, போருக்குப் பின் நடந்ததையெல்லாம் போரின் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள். ஹட்சன் ஆற்றை ஈரி ஏரியோடு இணைத்த ஈரி கால்வாயின் வேலை 1817-இல் தொடங்கியதால் பலர் அதைப் போரின் பலனாகக் காட்டுகிறார்கள். நியூயார்க் மாநிலம் அதற்கான ஆணையத்தை 1810-இலேயே அமைத்திருந்தது. போர் அந்தத் திட்டத்தைத் தள்ளிப்போடவே செய்தது.